மொட்டை போட்டபின் வந்த மெயில்

எங்கள் நைனாவுக்கு வேலை கிடைத்தது ஒரு விரலால். சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் கேட்டுக்கு வெளியே, சீசன் தொடக்கத்தில், கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றார். மேஸ்திரி உள்ளேயிருந்து வந்தார், விரலை நீட்டினார், "நுவ்வு ரா" என்றார். நைனா உள்ளே போய்விட்டார். ரெஸ்யூமே கிடையாது, இன்டர்வியூ கிடையாது, இன்னும் ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்ற கேள்வி கிடையாது. கேட்டிருந்தால் இதே கேட்டில்தான் என்று சொல்லியிருப்பார். அப்படித்தான் ஆயிற்று. இன்றைக்கும் அங்கேதான் டெம்போ ஓட்டுகிறார்.

அதனால் பி.காம். படித்த மகள் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு "வேலை தேடுகிறேன்" என்று சொன்னது அவர் மண்டையில் ஏறவே இல்லை. வேலை வெளியே இருக்கிறது, இவள் வீட்டுக்குள் தேடுகிறாளே என்று பார்ப்பார். சாப்பிடும்போது என்னைக் காட்டி அம்மாவிடம், "இன்னா தேடிக்கினு கீறா, கரண்ட் செலவு பண்ணி?" என்று கேட்பார். கேட்டுவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றுவார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்கு முன்னால் நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. ஒரு நாள் அந்த வேலைக்கு ஒரு சாட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்ததும் நாங்கள்தான். எந்தப் புகாருக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது, எந்த ஆளிடம் கொஞ்சம் நெளிந்து பேசுவது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தோம். அது தேறியதும் எங்களுக்குக் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்துவிட்டேன். ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். வாய்க்கொழுப்பு.

வேலை தேடுவது என்பது இந்தக் காலத்தில் ஒரு முழுநேர வேலை. சம்பளம்தான் இல்லை. முதலில் ரெஸ்யூமேயை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிய பிறகு, அதில் இருப்பதையெல்லாம் பெட்டி பெட்டியாக மறுபடியும் அடிக்கச் சொல்வார்கள். அடித்து முடிக்கும் நேரத்தில் பக்கம் அப்படியே நின்றுபோகும். திரும்பப் போனால் பிறந்த தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அனுபவம் இல்லாதவர்களுக்கான அரிய வாய்ப்பு" என்று தலைப்பு இருக்கும், கீழே "மூன்று வருட அனுபவம் அவசியம்" என்று இருக்கும். எனக்கு இருந்த அனுபவம் அதைவிடக் கூடுதல் என்று ஓர் இடத்தில் தள்ளிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் போதாது என்றார்கள். இரண்டும் ஒரே வேலைக்கு, ஒரே கம்பெனிக்கு. மறந்துபோய் இரண்டு தடவை விண்ணப்பித்திருந்தேன்.

இதில் எங்களைப் போல ஆந்திராவில் இருக்கும் தமிழ்க்காரர்களுக்குத் தனி சங்கடம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து போன் செய்பவர்கள் முகவரியைப் பார்த்துவிட்டு, "ஆந்திராவா? தமிழ் நல்லா பேசுறீங்களே" என்று பாராட்டுவார்கள். பாராட்டியதோடு சரி, பிறகு கூப்பிட மாட்டார்கள். திருப்பதியில் உள்ளூர் ஆட்கள்தான் வேண்டும் என்பார்கள். என் தெலுங்கைக் கேட்டதும், "தமிழ்நாடு பக்கமா அம்மா?" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். சித்தூரில் பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவளுக்கு இரண்டு மாநிலமும் வெளியூர்.

ஒரு தடவை இன்டர்வியூவை நானே ரெக்கார்டு செய்து அனுப்ப வேண்டும் என்றார்கள். எதிரில் ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே போகும், நாம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். சுவரில் காரை பெயர்ந்திருந்ததால் அம்மாவின் பட்டுப்புடவையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டேன். தலைமைப் பண்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் தெருவில் காய்கறி ஆட்டோ வந்து, "பலமனேர்த் தக்காளி, பலமனேர்த் தக்காளி" என்று ஒலிபெருக்கியில் கத்தியது. நானும் விடாமல் சத்தமாகப் பேசினேன். கடைசியில் அந்தப் பதிவில் தலைமைப் பண்பு யாரிடம் இருந்தது என்று கேட்டால் தக்காளிக்காரரிடம்தான். புடவையை மடித்து உள்ளே வைப்பதற்குள் நிராகரிப்பு மெயில் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் ஒரு மனுஷன் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, பேசி, "நீ சரிப்பட மாட்டாய்" என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இங்கே வேண்டாம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. வரும் மெயிலுக்குப் பதில் போட்டால் இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள் என்று திரும்பி வரும். ஒன்றரை வருஷம் இப்படியே போனதில் எனக்குள் ஏதோ தேய்ந்துபோனது. சொந்தக்காரர் கல்யாணத்தில் யாராவது "நீ யாரு பொண்ணும்மா?" என்று கேட்டால்கூட பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினேன்.

அப்புறம் வந்தது ஆர்டர். திருப்பதியில் ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. போனிலேயே எல்லாச் சுற்றும் முடிந்து, லெட்டர் மெயிலில் வந்தது. சேர வேண்டிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்று அடியில் ஒரு வரி. எனக்கு அந்த வரி கண்ணில் பட்டது. அம்மாவுக்குக் கம்பெனியின் முத்திரை மட்டும்தான் பட்டது.

ஏனென்றால் அம்மா இந்த விஷயத்தை ஏற்கெனவே மேலிடத்தில் பேசி முடித்திருந்தாள். எனக்கு ஆர்டர் வந்தால் திருமலைக்கு முடி காணிக்கை. யார் முடி? என் முடி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், அம்மாக்கள் வேண்டிக்கொள்வார்கள், பிள்ளைகள் தலையைக் குனிவார்கள். நான் பேரம் பேசிப் பார்த்தேன். பெண்களுக்கு மூணு கத்தரி என்று ஒன்று இருக்கிறது, முடியின் நுனியில் மூன்று முறை வெட்டிக் கொடுத்தால் போதும், வேண்டுதல் தீர்ந்தது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணு கத்தரி குடுத்தா மூணு மாசத்து வேலைதான் குடுப்பாரு. இது பி.எஃப். புடிக்கிற வேலை" என்றாள்.

சரி, சேரும் தேதியாவது வரட்டும் என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழுமலையானை எங்கள் பக்கம் வட்டி காசுலவாடு என்பார்கள், சொன்னதைத் தள்ளிப்போட்டால் வட்டி சேர்த்து வாங்கிக்கொள்பவர். கம்பெனி தேதி சொல்லும்வரை அவரைக் காக்கவைப்பது முறையில்லை என்பது அம்மாவின் கட்சி. உண்மையைச் சொன்னால் நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ஒரு லெட்டர் வந்திருக்கிறது. தலையைக் கேட்டால் தலையையே கொடுக்கிற சந்தோஷத்தில் இருந்தேன்.

மலையில் எனக்கு மழித்தது ஒரு அம்மாள். என்ன வேண்டுதல் என்று கேட்டார், உத்தியோகம் என்றேன். முன்பெல்லாம் குழந்தை வரம், உடம்பு சரியானது என்று வருவார்கள், இப்போது பாதிப்பேர் இதற்குத்தான் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே பிளேடை மாட்டினார். இடுப்புவரை இருந்த முடி மடியில் விழுந்தது. குளித்து, தலையில் சந்தனம் பூசி, தரிசனம் முடித்து வெளியே வந்தபோது காற்று மண்டையில் நேராகப் பட்டது. சுகமாகவே இருந்தது.

கீழே இறங்குகிற பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், போனில் மெயில் வந்து விழுந்தது. வாழ்த்துகள், நீங்கள் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள், விண்ணப்பத்தில் உள்ள புகைப்படத்தோடு உங்கள் முகத்தை எங்கள் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும், இரண்டு நாளுக்குள் கேமரா முன்னால் வந்து உறுதிசெய்யுங்கள், பொருந்தினால்தான் வேலையில் சேரும் தேதி. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் தலை சாய்த்துத் திருப்தியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பத்தில் இருந்தது ஸ்டுடியோவில் எடுத்த படம். பின்னல் முன்னால் தோளில் கிடக்கும், நெற்றியில் முடி வளைந்து விழும், காதெல்லாம் மூடியிருக்கும். வீட்டுக்கு வந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் ஒரு முட்டை வடிவம் வந்தது, அதற்குள் முகத்தை வைக்கச் சொன்னது. வைத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். இடதுபக்கம் திரும்பு, வலதுபக்கம் திரும்பு, எல்லாம் செய்தேன். முகம் பொருந்தவில்லை என்றது.

வெளிச்சம் போதவில்லையோ என்று மாடிக்குப் போனேன். வெயிலில் மண்டை பளபளத்தது. பொருந்தவில்லை. துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன், தலையை மூடியிருப்பதை அகற்றவும் என்றது. அம்மா ஓடிப்போய் எதிர்வீட்டு அக்காவிடம் சவுரி வாங்கிவந்தாள். சவுரியைக் கட்ட வேண்டுமானால் தலையில் முடி இருக்க வேண்டும் என்பது கையில் வாங்கிய பிறகுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. அடுத்த தெருவில் நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிற மாமா ஒருவர் இருக்கிறார். அவருடைய டோப்பாவை நைனா கேட்டு வாங்கிவந்தார். பெரிய மேடைக்காகச் செய்தது, கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று ஏகப்பட்ட முடி. அதை மாட்டிக்கொண்டு நின்றதும் அந்த மென்பொருள், முகம் எதுவும் தென்படவில்லை என்றது. கொஞ்ச நேரம் முன்னால்வரை நான் வேறு யாரோவாக இருந்தேன். இப்போது யாருமே இல்லை.

நைனா அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னு சொல்லுவாங்க, இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு டோப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

முயற்சிகள் தீர்ந்துவிட்டன, உதவி மையத்தை அணுகவும் என்று வந்தது. அணுகினேன். அங்கே இருந்தது இன்னொரு சாட்பாட். நான் பழக்கிவிட்டு வந்ததைப் போலவே நெளிந்து நெளிந்து மன்னிப்புக் கேட்டது, அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. தோற்றம் மாறியதற்குக் காரணம் என்ன என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது: மூக்குக்கண்ணாடி, காயம், தாடி மீசை. மொட்டை இல்லை. இதைச் செய்தவர்கள் திருப்பதியில் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள், மொட்டை இல்லை. வேறு வழி தெரியாமல் தாடி மீசையை அழுத்தினேன். மிக்க நன்றி, தாடியுடன் உள்ள உங்கள் படத்தை ஏற்றவும் என்றது.

போனைக் கட்டிலில் வீசினேன். அம்மா மூலையில் உட்கார்ந்து, தான்தான் கெடுத்துவிட்டோமோ என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இந்த வேலையும் போய்விட்டால் மறுபடி அந்தப் பெட்டிகளில் பிறந்த தேதியை அடிக்க என்னால் ஆகாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நைனாதான் சொன்னார், நேரில் போய் கேட்டில் நில் என்று. இந்தக் காலத்தில் யாரும் அப்படிப் போவதில்லை என்றேன். இந்தக் காலத்து வழியில் போய்த்தான் தாடி கேட்கிறானே என்றார். மறுநாள் காலையில் அம்மாவும் நானும் பாகாலா வழியாகப் போகிற ரயிலில் ஏறித் திருப்பதியில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து கம்பெனிவரை எல்லாரும் என் மொட்டையைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் முடி இருந்தால்தான், இன்னும் மலைக்குப் போகவில்லையா என்று கேட்பார்கள்.

ரிசப்ஷன் பெஞ்சில் ஏற்கெனவே ஒரு மொட்டை உட்கார்ந்திருந்தது. பலமனேர்ப் பையன். அவனுக்கும் ஆர்டர் வந்திருக்கிறது, அவன் அம்மாவும் வட்டிக்குப் பயந்திருக்கிறாள். மீசையும் போய்விட்டதால் அவனுக்கு உதவி மையத்தில் ஒரு காரணமாவது கிடைத்தது என்று சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினான். கொஞ்ச நேரத்தில் ஹெச்.ஆர். மேடம் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஹைதராபாத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்துத் தெலுங்கில் தன் கஷ்டத்தைச் சொன்னார். இந்தக் கிளையில் தேர்வாகிறவர்களுக்கு மட்டும் இப்படி முடி போய்விடுகிறதே, அங்கே தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். வேண்டுதல் என்று அவர் விளக்கியிருக்கிறார். அதற்கு மருத்துவச் சான்றிதழ் கிடைக்குமா என்று பதில் வந்திருக்கிறது. நான் என் ஆதார் அட்டையை நீட்டினேன். அதிலும் பின்னல். மேடம் திரையில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இது நீதான் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் எனக்குத் தெரிகிறது என்று எழுத அதில் இடம் இல்லை, மிஷின் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். முடி வளர்ந்த பிறகு வரலாமே என்றும் சொல்லிப் பார்த்தார், அதற்குள் இந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவரே சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். மென்பொருளோடு மல்லுக்கட்டிய ஆத்திரத்தில் வாயைத் திறந்தால் அசிங்கமாக ஏதாவது வரும். அதுவரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்திருக்கவில்லை. மேடத்துக்குத் தமிழ் புரியுமா என்றெல்லாம் யோசிக்காமல் தன் பாஷையிலேயே ஆரம்பித்தாள்.

"ஏம்மா, இவ பொறந்தப்போ தலையில ஒரு முடி இல்ல. இதோ, இப்ப கீதே, இதே தலதான். ஆஸ்பத்திரில நர்சு தூக்கினு வந்து காட்டுச்சு, எம் பொண்ணுன்னு சொல்லி நான் வாங்கிக்கினேன். எந்த மிஷினும் வந்து சொல்லல. அதுக்கு முன்னாடி நான் இவள பாத்ததுகூட இல்லம்மா."

மேடத்துக்குப் புரிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தில் யாரையோ பிடித்தார். முதலில் பணிவாகத்தான் இங்கிலீஷில் பேசினார். அந்தப் பக்கம் விதிமுறை சொல்லியிருக்க வேண்டும், குரல் ஏறியது. ஆள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதற்குமேல் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அந்தப் பக்கம் ஒத்துக்கொண்டதும் போனை வைத்துவிட்டு என்னைச் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னார். சந்தனம் காய்ந்திருந்த மொட்டையோடு புதுப் படம் எடுத்து, பழையதை நீக்கிவிட்டு இதை ஏற்றி, என்னை மறுபடி கேமராவைப் பார்க்கவைத்தார். திரையில் பச்சை விழுந்தது. வரும் திங்கட்கிழமை சேர்ந்துவிடு என்றார்.

வெளியே வந்தால் பலமனேர்ப் பையன் கதவோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தே என்று கெஞ்சினான். அம்மா அவன் தலையை நன்றாகப் பார்த்தாள். "உன்ன நான் பெக்கலியேப்பா. உங்கம்மாவுக்குப் போன் போடு" என்றாள். அவன் அங்கேயே வீடியோ கால் போட்டுக்கொண்டு உள்ளே போனான். பின்னால் மாடு கத்துவதும், ஓர் அம்மா தெலுங்கில் உரக்கப் பேசுவதும் வாசல்வரை கேட்டது.

திரும்பும்போது ரயில் இல்லை, சித்தூர் பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் வாங்கும்வரை நன்றாகத்தான் இருந்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. வேலை கிடைத்ததற்காக இல்லை. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்து, இவள்தான் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நான் முன்பின் பார்த்திராதவர். தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

அம்மா என் மொட்டையைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுவாத," என்றாள், "வளந்துடும்."